கையில் தொழில் இருக்கிறது, காகிதம் எங்கே?

(தோட்டக் கமிட்டித் தலைவர்கள், மாதர் தலைவிமார், இளைஞர் யுவதிகள், பெற்றோர் கலந்துகொண்ட ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் சங்கத்தின் கல்விப் பிரிவு சார்பில் ஆற்றப்பட்ட உரை)

மழையில் நனைந்து வந்திருக்கிறீர்கள். வரவேற்புரையை நண்பர்கள் கொஞ்சம் நீளமாகவே செய்துவிட்டார்கள். ஆகவே நாங்கள் நேரே விடயத்துக்கு வருகிறோம்.

சில மாதங்களுக்கு முன் நமது மாவட்டக் காரியாலயத்துக்கு ஒரு அண்ணன் வந்தார். தேயிலை ஸ்டோரில் இருபத்தொரு வருட வேலை. ரோலர் மெசினின் சத்தம் கொஞ்சம் மாறினாலே எந்தப் பேரிங் போகப் போகிறது என்று சொல்லிவிடுவார். கொழுந்து வாட்டும் மாடியில் காற்றாடி நின்றாலும் ட்ரையரில் சூடு ஏறாவிட்டாலும் டீமேக்கர் ஐயா முதலில் கூப்பிடுவது இவரைத்தான். ஒருநாள் அந்த ஸ்டோரை மூடிவிட்டார்கள். கொழுந்து லொறியில் பக்கத்துத் தோட்டத்துக்குப் போகிறது. அண்ணனை மலைக்கு அனுப்பினார்கள், புல்லு வெட்ட.

வெளியே ஒரு தொழிற்சாலையில் மெசின் பராமரிப்புக்கு ஆள் எடுப்பதாகக் கேள்விப்பட்டுப் போனார். அங்கே கேட்டது ஒரே கேள்வி: "சேர்டிபிகட் இருக்கா?" அவரிடம் இருந்தது தோட்டத்தில் கொடுத்த சேவைக் கடிதம். அதில் "தொழிலாளி, நன்னடத்தை உள்ளவர்" என்று மட்டும் எழுதியிருந்தது. அந்த வேலை அதே தோட்டத்துப் பையன் ஒருவனுக்குக் கிடைத்தது. அவனுக்கு ஸ்பேனர் பிடிக்கக் கற்றுக்கொடுத்ததே இந்த அண்ணன்தான். பையன் டவுனில் ஆறு மாதம் படித்துச் சான்றிதழ் எடுத்திருந்தான். அவன்மீது அண்ணனுக்குக் கோபம் இல்லை. "அவன் சரியாகத்தான் செஞ்சான், எனக்குத்தான் யாரும் சொல்லல" என்றார்.

யாரும் சொல்லவில்லை என்ற அந்தக் குற்றச்சாட்டு சங்கத்தையும் சேரும். இந்தக் கூட்டத்தை வைத்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

வெளிநாடுகளில் சமுதாயக் கல்லூரி என்று ஒன்று உண்டு. அமெரிக்காவில் இலினோய் மாநிலத்தின் ஜோலியட் நகரில் 1901இல் தொடங்கிய கல்லூரிதான் அதற்கு முன்னோடி என்பார்கள். இந்தியாவில் 1995இல் புதுச்சேரிப் பல்கலைக்கழகம் அந்தப் பெயரில் ஒன்றைத் தொடங்கியது. பல்கலைக்கழகத்துக்குப் போக முடியாதவர்களுக்கும், ஏற்கனவே வேலை செய்துகொண்டிருப்பவர்களுக்கும், நாற்பது வயதில் வேறு தொழில் பழக வேண்டியவர்களுக்கும் அவர்கள் ஊரிலேயே, அவர்களுக்குத் தோதான நேரத்தில் தொழில் கற்றுக்கொடுக்கும் இடம் அது.

அமெரிக்கக் கல்லூரிகளில் இன்னொரு கதவும் உண்டு. அது கம்பனிகளுக்கானது. ஒரு கம்பனி வந்து, "புது மெசின் வாங்கியிருக்கிறோம், எங்கள் ஆட்களுக்கு அதைப் பழக்க வேண்டும்" என்று கேட்டால், கல்லூரி அதற்கென்றே ஒரு வகுப்பை அமைத்துக்கொடுக்கும். வட கரோலினா போன்ற மாநிலங்களில் 1950களின் இறுதியிலிருந்து இதற்கு அரச பணமே செலவாகிறது. தையல்கடை, பேக்கரி, வேன் ஓட்டம் என்று சிறு தொழில் செய்பவருக்குக் கணக்கு வைக்கவும் விலை போடவும் ஆலோசனை சொல்லும் நிலையங்களும் பல கல்லூரிகளுக்குள்ளேயே இருக்கின்றன.

நமது நாட்டில் இந்த வேலைகளெல்லாம் பல அரச நிறுவனங்களிடம் பிரிந்து கிடக்கின்றன. தொழிற்பயிற்சி அதிகார சபை ஒரு பக்கம். நைட்டா என்று நாம் சொல்லும் தேசிய பயிலுனர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகார சபை ஒரு பக்கம். தொழில்நுட்பக் கல்லூரிகள் வேறு. கண்டி, பதுளை, இரத்தினபுரி என்று நமக்குக் கிட்டிய இடங்களில் உயர் தொழில்நுட்பவியல் கல்லூரிகளும் உண்டு. சிறுதொழில் ஆலோசனைக்குப் பிரதேச செயலகத்தில் உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள், விதாதா வள நிலையம் இருக்கிறது. இடங்கள் இத்தனை இருந்தும் ஒரு தோட்டத்துப் பிள்ளை காலை ஆறு மணி பஸ்ஸைப் பிடித்து எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரியாமல் நிற்கிறது.

கம்பனிக்கான கதவோ நமது நாட்டிலும் எப்போதோ திறந்துவிட்டது. 1979ஆம் ஆண்டின் சட்டத்தால் தேசிய பெருந்தோட்ட முகாமைத்துவ நிறுவகம் அமைக்கப்பட்டது. துரைமாருக்கும் உத்தியோகத்தர்களுக்கும் அங்கே பயிற்சி நெறிகள் நடக்கின்றன. தலவாக்கலை செயின்ட் கூம்ஸில் தேயிலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. கவ்வாத்து எப்படி, உரம் எப்போது, ஸ்டோரில் வாட்டம் எவ்வளவு என்று கம்பனிக்குச் சொல்லிக்கொடுக்க ஆட்கள் உண்டு. அதில் நமக்கு ஆட்சேபம் இல்லை. தேயிலை நன்றாக இருந்தால்தான் நமக்கும் வேலை. ஆனால் அந்தப் பயிற்சி கீழே இறங்கி நமது மலைக்கு வரும்போது என்னவாக வருகிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஒரு தோட்டத்தில் நடந்தது. எந்தத் தோட்டம் என்று இங்கே சொல்லப் போவதில்லை, அங்கிருந்து வந்தவர்களும் இந்தக் கூட்டத்தில் இருக்கிறார்கள். மூன்று நாள் 'திறன் விருத்திப் பயிற்சி' என்றார்கள். கத்திரியால் கொழுந்து எடுப்பது எப்படி என்று பழக்கினார்கள். பெண்கள் ஆசையாகத்தான் போனார்கள். பேனர் கட்டிப் படம் பிடித்தார்கள், பகலைக்குச் சோற்றுப் பார்சல் கொடுத்தார்கள். அடுத்த மாதம் பேர் விழுவதற்கான கிலோவைக் கூட்டினார்கள். "பயிற்சி எடுத்தீங்கதானே" என்றாராம் ஐயா. பயிற்சிக்குப் போன மூன்று நாளில் ஒரு நாளுக்கு அரைப்பேர்தான் போட்டிருந்தார்கள். சான்றிதழ் என்று கையில் ஒன்றும் கிடைக்கவில்லை. அந்தப் பெண்கள் வேறு தோட்டத்துக்குப் போனால் இந்தப் பயிற்சியைக் காட்ட ஒரு துண்டுக் காகிதம் இல்லை. கம்பனியின் ஆண்டறிக்கைக்கு ஒரு படம் கிடைத்திருக்கும்.

ஆகவே பயிற்சி என்று யார் வந்து சொன்னாலும் தோட்டத் தலைவர்கள் கேட்க வேண்டிய கேள்விகள் சில இருக்கின்றன. அந்த நாட்களுக்கு முழுப்பேர் உண்டா? தமிழில் நடக்குமா? முடிவில் தொழிலாளியின் பெயரில் செல்லுபடியாகும் சான்றிதழ் கிடைக்குமா? பழகிய வேலைக்குச் சம்பளத்தில் என்ன சேரும்? 2021இல் சம்பளச் சபையின் ஊடாக 1,000 ரூபா வந்த காலத்தில் கூட்டு ஒப்பந்தம் நின்றுபோனது. முன்பு அந்த ஒப்பந்தத்துக்குள் வைத்துப் பேசக்கூடியதாக இருந்த வேலை நிபந்தனைகளை இன்று தோட்டம் தோட்டமாகப் பேச வேண்டியிருக்கிறது. வாய்ப்பேச்சில் விடாதீர்கள், எழுதி வாங்குங்கள்.

இனி அந்த அண்ணனின் விடயத்துக்கு வருவோம். இது பலருக்கும் பயன்படும் என்பதால் ஆறுதலாகவே சொல்கிறோம்.

இந்த நாட்டில் 2004 முதல் தேசிய தொழிற் தகைமை என்று ஒரு முறை இருக்கிறது. பிள்ளைகள் என்.வி.க்யூ என்றுதான் சொல்வார்கள். ஏழு மட்டங்கள். முதல் நான்கு மட்டங்களும் தொழில் செய்பவர்களின் சான்றிதழ். அதிலே நான்காம் மட்டம் என்றால் முழுத் தொழில் தெரிந்தவர் என்று பொருள். ஐந்தும் ஆறும் டிப்ளோமா. ஏழாவது பட்டம். நான்காம் மட்டத்தோடு நிற்க வேண்டும் என்றில்லை. ஏறிப்போக வழி இருக்கிறது, தொழிற்கல்விக்கென்றே ஒரு பல்கலைக்கழகமும் இருக்கிறது. சாதாரண தரத்தில் கணக்கு பெயிலாகிவிட்டது, இனி இந்தப் பிள்ளை கொழும்பில் கடைக்குத்தான் என்று முடிவு கட்டும் பெற்றோர் இதைக் கவனிக்க வேண்டும்.

வகுப்புக்கே போகாமல், செய்து பழகிய அனுபவத்தை வைத்தும் இந்தத் தகைமையைப் பெறலாம் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. முன் கற்றலுக்கான அங்கீகாரம் என்று அதற்குப் பெயர். நைட்டாவின் அல்லது தொழிற்பயிற்சி அதிகார சபையின் மாவட்டக் காரியாலயத்தில் விண்ணப்பிக்க வேண்டும். அவர்கள் ஒரு மதிப்பீட்டாளரைத் தருவார்கள். அவர் பேசிப் பார்ப்பார். நீங்கள் செய்த வேலைகளுக்கு ஆதாரம் கேட்பார். அதையெல்லாம் ஒரு கோப்பாகச் சேர்க்க வேண்டும். தெரியாத பகுதி ஏதும் இருந்தால் அதை மட்டும் பழகச் சொல்வார்கள். பிறகு செய்முறைப் பரீட்சை. கட்டணம் உண்டு, எவ்வளவு என்பதை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். மின்னிணைப்பு, வெல்டிங், மேசன் வேலை, தச்சு, குழாய் பொருத்துதல், வாகனம் திருத்துதல், தையல், பேக்கரி, சமையல் என்று பல தொழில்களுக்கு இப்படிப் பெறலாம். தோட்டத்தில் மேசன் பாஸ் என்று நாம் கூப்பிடும் எத்தனை பேர் முப்பது வருடமாகக் காகிதமில்லாமல் சுவர் எழுப்பிக்கொண்டிருக்கிறார்கள்!

இதில் தடை எங்கே வருகிறது தெரியுமா? பரீட்சையில் இல்லை, கோப்பில்தான். அந்த அண்ணனுக்கு மெசின் முழுவதும் அத்துப்படி. ஆனால் ஆதாரம் என்று கேட்டால் "தொழிலாளி, நன்னடத்தை". சேவைக் கடிதத்தை எப்படி எழுதி வாங்குவது என்பதை நாம் இதுவரை பொருட்படுத்தவில்லை. எந்தப் பகுதியில், எந்த மெசினில், எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டுவரை, என்ன பொறுப்பில் என்று எழுதச் சொல்லிக் கேளுங்கள். வேலையை விட்ட பிறகு கேட்பதைவிட வேலையில் இருக்கும்போதே கேட்பது சுகம். சம்பளச் சீட்டுகளை அடுப்பு மூட்டப் போடாதீர்கள். கையில் போன் இருக்கிறது, நீங்கள் செய்த வேலையைப் படம் எடுத்து வையுங்கள். கட்டிய சுவர், பொருத்திய மோட்டார், தைத்த சட்டை எல்லாம் ஆதாரம்தான்.

இன்னொரு தடை நமக்கே உரியது. பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர். அதைச் சிங்களத்தில் எழுதித் திரும்பத் தமிழுக்குக் கொண்டுவந்த அடையாள அட்டையில் இன்னொரு பெயர். சேமலாப நிதி அட்டையில் மூன்றாவதாக ஒன்று. தகப்பன் பெயரில் ஒரு எழுத்து விடுபட்டிருக்கும், பிறந்த வருடம் பிந்தியிருக்கும். சேமலாப நிதிக் காசு எடுக்கப் போய் அலைந்தவர்களுக்கு இந்த வேதனை தெரியும். சான்றிதழுக்கும் அதே கதைதான். பிள்ளைக்குப் பதினைந்து வயதாகும்போதே எல்லாக் காகிதத்தையும் பக்கத்தில் வைத்து எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். பிழை இருந்தால் அப்போதே கிராம உத்தியோகத்தரிடமும் பதிவாளரிடமும் போய்த் திருத்துங்கள். இருபத்திரண்டு வயதில் நேர்முகப் பரீட்சைக்கு முதல்நாள் ஓடினால் நடக்காது.

மொழியைப் பற்றியும் பேச வேண்டும். நமது பக்கத்துப் பயிற்சி நிலையங்களில் தமிழில் நடத்த ஆசிரியர் இல்லை என்று சொல்லிச் சிங்கள வகுப்பில் பிள்ளைகளை உட்காரவைத்த இடங்கள் உண்டு. இரண்டு மாதம் விளங்காமல் இருந்துவிட்டு மூன்றாம் மாதம் பிள்ளை நின்றுவிடும். பிறகு "தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அக்கறை இல்லை" என்று பேச்சு வரும். 1987இல் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் வந்ததிலிருந்து தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழி. தமிழில் கற்பிக்கவும் தமிழில் மதிப்பிடவும் கேட்பது கருணை கேட்பதாகாது. விண்ணப்பத்திலேயே தமிழ் மொழி மூலம் என்று தெளிவாக எழுதுங்கள். கிடைக்காவிட்டால் மறுத்ததை எழுத்தில் வாங்கிச் சங்கத்திடம் கொடுங்கள். அதோடு பிள்ளைகளுக்கு ஒன்று: சிங்களமும் பழகிக்கொள்ளுங்கள். வேர்க்ஷொப்பிலும் ஹோட்டலிலும் அதுதான் ஓடும். உரிமையைக் கேட்பதும் மொழி பழகுவதும் ஒன்றுக்கொன்று விரோதமில்லை.

தனியார் நிலையங்களின் நோட்டீசை பஸ் நிலையத்தில் ஒட்டியிருப்பார்கள். மூன்று மாதத்தில் வெளிநாட்டு வேலை, நூறு வீத உத்தரவாதம் என்றெல்லாம் இருக்கும். அடகு வைத்து முன்பணம் கட்டுவதற்கு முன் இரண்டு விடயம் பாருங்கள். அந்த நிலையம் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவு பெற்றதா? பதிவு பெற்றிருந்தாலும் அந்தக் குறிப்பிட்ட கற்கைநெறிக்குத் தேசிய தகைமை கொடுக்க அங்கீகாரம் உண்டா? முதலாவதைக் காட்டி இரண்டாவதை மறைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அரச நிலையங்களில் பெரும்பாலான நெறிகளுக்குக் கட்டணம் இல்லை, அல்லது கொஞ்சம்தான். நமக்குச் செலவாவது பஸ்ஸுக்கும் தங்குவதற்கும். அதைத்தான் நாம் அரசாங்கத்திடம் கேட்க வேண்டும்.

பெண் பிள்ளைகளைப் பற்றி. எந்தப் பயிற்சித் திட்டம் தோட்டத்துக்கு வந்தாலும் பெண்களுக்குத் தையல், இல்லாவிட்டால் மணப்பெண் அலங்காரம். தையல் நல்ல தொழில்தான், குறைசொல்லவில்லை. ஆனால் ஒரு டிவிசனில் வருடத்துக்கு எத்தனை கல்யாணம் நடக்கிறது, எத்தனை பேர் அலங்காரம் செய்து பிழைப்பது? மின்னிணைப்பும் கணினியும் தேயிலை ருசி பார்ப்பதும் பெண்ணுக்கு ஆகாது என்று எங்கே எழுதியிருக்கிறது? பிள்ளைக் காம்பராவில் பதினைந்து வருடம் பிள்ளை பார்த்த அக்காமாரின் அனுபவம் சிறுவர் பராமரிப்புத் தொழிலில் கணக்கில் வர வேண்டியது. வீட்டில் படுக்கையாகக் கிடந்த மாமியாரை ஐந்து வருடம் பார்த்த மருமகள்மார் எத்தனை பேர்! முதியோர் பராமரிப்புக்கு உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் இன்று ஆள் தேடுகிறார்கள். அதற்கும் தகைமை உண்டு. வெளிநாட்டுக்கு வீட்டுவேலைக்குப் போகத்தான் வேண்டும் என்று நிற்பவர், தகைமையோடு பராமரிப்பாளராகப் போக முடியுமா என்று முதலில் விசாரியுங்கள்.

இப்போது வியாபாரம் பற்றி. ஒரு தங்கச்சி ஸ்டோரின் இரவு வேலைக்காரருக்கு ரொட்டி செய்து கொடுக்கிறார். ஒரு நாளைக்கு 60 ரொட்டி, ஒன்று 60 ரூபா. 3,600 ரூபா கையில் வருகிறது. மா, தேங்காய், காஸ், சம்பலுக்கு மிளகாய் எல்லாம் 2,700 ரூபா. 900 ரூபா இலாபம் என்று சந்தோஷமாகச் சொன்னார். எத்தனை மணிக்கு எழும்புகிறீர்கள் என்று கேட்டோம். மத்தியானம் தேங்காய் துருவுவதிலிருந்து இரவு பாத்திரம் கழுவுவதுவரை ஏழு மணித்தியாலம், அதோடு மகளும் இரண்டு மணித்தியாலம். கடன் எழுதி வராமல் போனது எவ்வளவு என்று கேட்டோம். அந்தத் தங்கச்சியிடம் கொப்பி இல்லை. கொப்பி வைத்து ஒரு மாதம் எழுதிப் பார்த்தபோது, நாளொன்றுக்குக் கையில் நின்றது 900 இல்லை, 640 ரூபா என்று தெரிந்தது. வியாபாரத்தை விடச் சொல்லவில்லை. ரொட்டியின் அளவை மாற்றினார், கடனை வாரக் கணக்காக்கினார். பிரதேச செயலகத்தில் சிறுதொழில் பயிற்சி என்று நடத்துவதும் இப்படிக் கணக்குப் பழக்குவதைத்தான். போய் உட்காருங்கள். கடன் கொடுக்கும் கம்பனிகள் "பயிற்சியும் தருகிறோம்" என்று வரும்போது மட்டும் கவனம். அங்கே பயிற்சி ஒரு மணித்தியாலம் நடக்கும், கையெழுத்து வாங்குவதுதான் பிரதானம்.

வியாபாரத்தைப் பதியப் போனால் இடம் யாருடையது என்று கேட்பார்கள். லயத்துக் காம்பராவில் இருக்கும் நாம் அதற்கு என்ன பதில் சொல்வது? துரையின் கடிதம் வேண்டும் என்பார்கள். காணியும் முகவரியும் கேட்டு நாம் நடத்தும் போராட்டத்துக்கும் இந்த ரொட்டிக் கடைக்கும் அப்படி ஒரு சம்பந்தம் இருக்கிறது.

கணக்குப் பழக வேண்டும் என்று நாங்கள் இவ்வளவு சொல்வதற்கு இதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. கம்பனிகள் பல ஆண்டுகளாக ஒரு யோசனையைச் சொல்லி வருகின்றன. தேயிலை மலையைத் துண்டு துண்டாகப் பிரித்துக் குடும்பங்களிடம் கொடுப்பது, அவர்கள் பராமரித்துக் கொழுந்து எடுத்துக் கொடுப்பது, கிலோவுக்குக் காசு. வருமானப் பங்கு என்றும் வெளிவாரி முறை என்றும் சொல்வார்கள். "நீங்கள் இனி தொழிலாளி இல்லை, தொழில் முனைவர்" என்பார்கள். அதற்கும் பயிற்சி வரும், பேனரும் வரும். வேண்டும், வேண்டாம் என்று இந்த மேடையிலிருந்து ஒரே வார்த்தையில் சொல்ல நாங்கள் தயாரில்லை. சில இடங்களில் சில குடும்பங்கள் கூடச் சம்பாதித்ததாகச் சொல்கிறார்கள். வேறு இடங்களில் உரக் காசு கழித்த பிறகு ஒன்றும் மிஞ்சவில்லை என்கிறார்கள். ஆனால் கணக்குத் தெரியாமல் கையெழுத்து வைக்காதீர்கள் என்று ஒரே வார்த்தையில் சொல்வோம்.

என்ன கணக்கு? சிறு தேயிலைத் தோட்டக்காரரின் கொழுந்துக்கு விலை போட இந்த நாட்டில் ஒரு முறை இருக்கிறது. 100 கிலோ பச்சைக் கொழுந்துக்கு 21.5 கிலோ தேயிலை என்று வைத்துக்கொள்வார்கள். அந்தத் தேயிலை விற்ற விலையில் 68 வீதம் கொழுந்து கொடுத்தவருக்கு, 32 வீதம் ஸ்டோருக்கு. கணக்குக்காகத் தேயிலை கிலோ 1,000 ரூபாவுக்குப் போனதாக வைப்போம். 21.5 கிலோவுக்கு 21,500 ரூபா. அதில் 68 வீதம் 14,620 ரூபா. ஆகவே ஒரு கிலோ கொழுந்துக்கு 146 ரூபா 20 சதம். உங்களுக்குத் தருவதாகச் சொல்லும் விலையை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். குறைவாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள். காணி கம்பனியின் கையில் இருப்பதால் கொஞ்சம் குறைக்கிறோம் என்றால் எவ்வளவு, எந்த அடிப்படையில் என்று கேளுங்கள். உரமும் மருந்தும் யார் கணக்கில், கவ்வாத்து வெட்டிய மலையில் கொழுந்து இல்லாத மாதங்களில் குடும்பம் எதைச் சாப்பிடுவது என்று கேளுங்கள்.

பிறகு மறுபக்கக் கணக்கு. செக்ரோலில் பேர் இருக்கும்வரை நமது சம்பளத்துக்கு மேலே கம்பனி 12 வீதம் சேமலாப நிதிக்கும் 3 வீதம் நம்பிக்கை நிதியத்துக்கும் கட்ட வேண்டும். 2024 செப்டம்பரில் நிர்ணயித்த 1,350 ரூபாவை எடுத்தால் ஒரு பேருக்கு 162 ரூபாவும் 40 ரூபா 50 சதமும், மொத்தம் 202 ரூபா 50 சதம். 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டப்படி ஐந்து வருடம் முடித்த நாட்சம்பளக்காரருக்கு, வேலையை விடும்போது, வருடத்துக்கு 14 நாள் சம்பளம். இருபது வருடமென்றால் 280 நாள். அதே 1,350இல் 378,000 ரூபா. "தொழில் முனைவர்" ஆனால் இந்தக் காசு என்னவாகும்? பழைய சேவைக்கான பணிக்கொடையை இப்போதே தருவார்களா? மலையில் விழுந்து கால் முறிந்தால் நட்டஈடு யார் தருவது? பேர் செக்ரோலில் இருக்குமா இருக்காதா? இந்தக் கேள்விகளை ஒரு ஐயா சொல்லித்தரமாட்டார். கம்பனி நடத்தும் தொழில் முனைவர் பயிற்சியின் புத்தகத்திலும் இருக்காது. நாமே கொப்பியும் பென்சிலும் எடுத்துப் போட்டுப் பார்க்க வேண்டிய கணக்கு இது. சாதாரண தரம் படித்த எந்தப் பிள்ளையும் செய்யலாம். வீட்டில் அப்படி ஒரு பிள்ளை இருந்தால் இன்று இரவே போடச் சொல்லுங்கள்.

சங்கம் எதைக் கேட்கப் போகிறது என்பதையும் சொல்லிவிடுகிறோம். மலையகத்தின் நகரம் ஒன்றில், பஸ் போய்வரக்கூடிய இடத்தில், இந்தச் சேவைகளெல்லாம் ஒரே கூரையின் கீழ் தமிழில் கிடைக்க வேண்டும். பகலில் பேர் போடப் போகிறவர்களுக்காகப் பின்னேர வகுப்பும் ஞாயிறு வகுப்பும் வேண்டும். தூரத்திலிருந்து வரும் பெண் பிள்ளைகளுக்குத் தங்குமிடம் வேண்டும். ஸ்டோர்களில் வேலை செய்பவர்களின் அனுபவத்தை மதிப்பிட, மதிப்பீட்டாளர்கள் ஸ்டோருக்கே வர வேண்டும். அதற்குத் தோட்ட நிருவாகங்கள் இடம் கொடுக்க வேண்டும். பெயர் சமுதாயக் கல்லூரி என்று வைத்தாலும் சரி, வேறு வைத்தாலும் சரி. பெயர்ப் பலகை திறக்க மந்திரிமார் வருவது சுலபம். ஆசிரியர் வருகிறாரா என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டியவர்கள் நாம்.

அதுவரை கைகட்டி இருக்கப் போவதில்லை. மாதத்தின் முதலாம் ஞாயிறு காலை ஒன்பது மணியிலிருந்து பகல்வரை மாவட்டக் காரியாலயத்தில் இதற்கென்றே இரண்டு பேர் உட்காருவார்கள். வரும்போது பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, பாடசாலை விடுகைப் பத்திரம், சேமலாப நிதி இலக்கம், கையிலிருக்கும் சம்பளச் சீட்டு, சேவைக் கடிதம் இருந்தால் அதையும் கொண்டுவாருங்கள். இல்லாததைப் பற்றி வெட்கப்பட வேண்டாம், அதை எப்படி எடுப்பது என்பதைத்தான் அங்கே பார்ப்போம். விண்ணப்பம் நிரப்பித் தருவோம், கட்டணம் வாங்க மாட்டோம்.

முதலில் சொன்ன அண்ணன் இன்றைக்கும் வந்திருக்கிறார். பெயர் சொல்ல வேண்டாம் என்றார். பழைய டீமேக்கர் ஐயாவைத் தேடிப் பிடித்துப் புதுக் கடிதம் ஒன்று எழுதி வாங்கியிருக்கிறார். அதில் ரோலர், ட்ரையர், மோட்டார் என்று எல்லாம் இருக்கிறது. செய்முறைப் பரீட்சைக்குத் திகதி இன்னும் வரவில்லை. சேவைக் கடிதம் எப்படிக் கேட்பது என்று யாருக்காவது சந்தேகம் இருந்தால் தேநீர் நேரத்தில் அவரிடமே கேட்கலாம், அதற்குச் சம்மதித்திருக்கிறார்.

இனி உங்கள் கேள்விகள். பின்வரிசையில் தலைவி அம்மா ரொம்ப நேரமாகக் கையை உயர்த்திக்கொண்டிருக்கிறார். மைக்கை அங்கே கொடுங்கள் தம்பி.